கண்காட்சிக்கும் போய், பனிமலையும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு: பயணக் காப்பீடு எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிற ஆபீஸ்களுக்கு ஜனவரி பிறந்தால் ஃபிராங்க்ஃபர்ட் ஜுரம் வந்துவிடும். அங்கே நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத் துணிக் கண்காட்சி பெரும்பாலும் பொங்கலை ஒட்டியே வரும். 2026இல் ஜனவரி 13 முதல் 16 வரை. ஊரில் பானை பொங்கும் நேரத்தில் நம் ஆட்கள் அங்கே ஸ்டாலில் நின்று பையரிடம் கிச்சன் டவலின் ஜிஎஸ்எம் (துணியின் எடைக் கணக்கு) பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு நாலு நாள் சுவிட்சர்லாந்தோ பாரிஸோ பார்க்காமல் திரும்ப யாருக்கு மனசு வரும்? தவறே இல்லை. நானும் போயிருக்கிறேன்.

எங்கள் ஆபீஸில் டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். சில வருடங்களுக்கு முன் எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பி ஒருவன் கண்காட்சி முடிந்த மறுநாள் சனிக்கிழமை ரயிலேறிச் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் போனான். முதலாளி நாலு நாள் லீவு கொடுத்திருந்தார். ஞாயிறு காலை ஏரிக்கரை நடைபாதையில் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரி வரவேற்பறையிலிருந்து எனக்குப் போன். "அண்ணா, பாலிசி நம்பரைச் சொன்னேனுங்க. நேத்தோட முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்கண்ணா."

அந்தப் பாலிசிக்குத் தேதி கொடுத்தது நான்தான். கண்காட்சி நாட்கள், முன்னால் இரண்டு நாள், பின்னால் ஒரு நாள் என்று ஆபீஸ் வேலைக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து எல்லாவற்றுக்கும் அவன் கையிலிருந்த ஃபோரெக்ஸ் கார்டுதான் கரைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நமக்கு அது ஒரே பயணம். பாலிசிக்கு அது இரண்டு: ஆபீஸ் வேலையாகப் போனது ஒன்று, சொந்தமாகச் சுற்றியது ஒன்று. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் ஓட்டை விழுகிறது. தேதியில் விழலாம், நாட்டின் பெயரில் விழலாம், பெட்டிக்குள் இருக்கும் பொருளில்கூட விழலாம். காப்பீடு தேர்ந்தெடுப்பது என்றால் அந்த ஓட்டைகளைத் தேடி அடைப்பது. பிரீமியம் எங்கே மலிவு என்று பார்ப்பது அதற்கு அப்புறம்.

முதல் படி: வாசலிலிருந்து வாசல் வரை தேதி எழுதுங்கள்

இணையதளத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுக் கிளம்புகிற நாளிலிருந்து திரும்பி வந்து சேருகிற நாள் வரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. அந்த வரியில் மூன்று விவரம்: அன்று இரவு எந்த நாட்டில் தூங்குவீர்கள், அன்றைய நாள் ஆபீஸ் கணக்கா சொந்தக் கணக்கா, கையில் ஆபீஸ் பொருள் என்ன இருக்கிறது.

ஒரு மாதிரி சொல்கிறேன். ஜனவரி 10 சனி இரவு கரூரிலிருந்து காரில் கிளம்பிச் சென்னை விமான நிலையம். விமானம் நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டால் டிக்கெட்டில் தேதி 11. அன்றே ஃபிராங்க்ஃபர்ட். 12 ஸ்டால் அலங்காரம். 13 முதல் 16 கண்காட்சி. 17 வேறொரு ஊரில் பையர் ஆபீஸ். 18 முதல் 21 சுவிட்சர்லாந்து. 22 சூரிக்கிலிருந்து துபாய், அங்கே சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள். 25 சென்னை.

இந்தப் பட்டியலில் மூன்று இடத்தில் சறுக்கலாம். நள்ளிரவு விமானம் ஒன்று. 10ஆம் தேதியே விமான நிலையத்துக்குப் போய்விடுகிறீர்கள், ஆனால் பாலிசி 11ஆம் தேதிதான் தொடங்குகிறது. ஒரு நாள் முன்னதாகவே போட்டுவிடுவது என் வழக்கம். அதற்கு ஆகும் கூடுதல் பணம் பெரிதல்ல. இரண்டாவது, திரும்பும் நாள். விசாவுக்கு ஐரோப்பாவில் இருக்கும் நாட்கள் போதும், நமக்கோ சென்னையில் இறங்கும் வரை வேண்டும். மூன்றாவது துபாய். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கடைசியில் இரண்டு நாள் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஐரோப்பிய விமான நிலையங்கள் பனியால் திணறுவது சாதாரணம். பயணத்தின் நடுவில் பாலிசியை நீட்டிக்கலாம் என்று பல நிறுவனங்கள் சொல்லும். ஆனால் பழைய பாலிசி முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும், இதுவரை கிளைம் எதுவும் இல்லை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டியிருக்கும். காய்ச்சலில் படுத்திருப்பவர் அதை எப்படி எழுதிக் கொடுப்பார்?

இரண்டாம் படி: ஏற்கெனவே கையில் இருப்பதைச் சோதியுங்கள்

கம்பெனியில் குரூப் பாலிசி இருந்தால் ஹெச்.ஆரிடமோ அக்கவுன்ட்ஸிலோ வாயால் கேட்டு "எல்லாம் இருக்குங்க" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்க வேண்டியவை: வேலை நாட்களோடு ஒட்டி எடுக்கும் சொந்த நாட்களுக்குக் கவர் உண்டா, எத்தனை நாள் வரை? வேலைக்குப் போன நாட்டைத் தாண்டி வேறு நாட்டுக்குப் போனாலும் உண்டா? கூட வரும் மனைவி, கணவர், குழந்தைக்கு உண்டா? என் பெயரும் தேதியும் நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டதா, அதன் நகல் எங்கே?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். குரூப் பாலிசி கம்பெனி பெயரில் ஒன்றாக இருக்கும். யார், எந்தத் தேதியில் போகிறார் என்று தனியாகத் தெரிவிப்பது பல இடங்களில் வழக்கம். அந்தத் தகவலில் உங்கள் ஊர் சுற்றும் நாட்கள் இல்லாவிட்டால், அந்த நாட்களில் நீங்கள் காப்பீடு இல்லாமல்தான் நடக்கிறீர்கள். எங்கள் தம்பிக்கு நேர்ந்தது அதுதான்.

கம்பெனி பாலிசி பாதி நாளுக்குத்தான் என்று தெரிந்தால், மீதி நாளுக்கு வெளிநாட்டிலிருந்தபடியே இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். இங்கே விற்கும் வெளிநாட்டுப் பயணப் பாலிசிகளில் பெரும்பாலானவை, இந்தியாவை விட்டுக் கிளம்புவதற்கு முன் வாங்கியிருக்க வேண்டும், பயணம் இந்தியாவில் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருபவை. ஆகவே முழுப் பயணத்துக்கும் சேர்த்து உங்கள் பெயரில் ஒரே தனிப் பாலிசி எடுங்கள். கம்பெனி பாலிசி அதற்கு மேல் ஒரு குடையாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆபீஸ் நாட்களுக்கான பங்கைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பாதி இது, பாதி அது என்று ஒட்டுப்போட்டால், ஏதாவது நடக்கும்போது இரண்டு நிறுவனமும் "அது அவர்கள் நாள்" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

கிரெடிட் கார்டோடு வரும் காப்பீட்டையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் விமான விபத்து மரணத்துக்கான தொகைதான் பெரிய எழுத்தில் இருக்கும். அந்தக் கார்டில் டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும், கடந்த சில வாரங்களில் கார்டைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை இருக்கலாம். ஊரில் எடுத்திருக்கும் சாதாரண மெடிக்ளைம் எல்லை தாண்டினால் பொதுவாகச் செல்லாது.

மூன்றாம் படி: வரைபடத்தைப் பார்த்து எல்லையைத் தேர்ந்தெடுங்கள்

பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்துச் செல்லும் ஒரே விசாவான ஷெங்கன் விசாவுக்கான காப்பீட்டு விதி ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசா சட்டத் தொகுப்பில் 15ஆம் பிரிவாக இருக்கிறது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் கவர். அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரி அனுமதி, மருத்துவக் காரணத்துக்காக ஊருக்குக் கொண்டுவரும் செலவு, இறந்தால் உடலைக் கொண்டுவரும் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் அனைத்திலும், தங்கும் நாட்கள் முழுவதற்கும் அது செல்ல வேண்டும். இப்போது அந்த நாடுகள் 29. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது. லண்டன் இரண்டிலும் இல்லை.

இங்கேதான் துபாய் வருகிறது. "ஷெங்கன் பிளான்" என்று விற்கப்படும் மலிவான பாலிசி அந்த 29 நாட்டுக்கு மட்டும் என்றால், திரும்பும் வழியில் துபாயில் இறங்கித் தங்கும் இரண்டு நாளுக்குக் கவர் கிடையாது. விமான நிலையத்துக்குள்ளேயே நாலு மணி நேரம் விமானம் மாறுவது வேறு, குடியேற்றப் பிரிவைத் தாண்டி ஊருக்குள் போய்த் தங்குவது வேறு. உங்கள் தாளில் ஷெங்கன் அல்லாத ஓர் இரவு இருந்தாலும், "அமெரிக்கா, கனடா தவிர உலகம் முழுவதும்" என்கிற வகையை எடுங்கள். விசாவுக்கும் அது செல்லும். சான்றிதழில் "ஷெங்கன்" என்ற சொல்லும் தொகையும் தெளிவாக அச்சாகி வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா விண்ணப்பத்தில் ஊர் சுற்றும் நாட்களை மறைக்கவே வேண்டாம். வர்த்தகக் காரணத்துக்காகக் குறுகிய கால விசா வாங்கியவர் கூடவே சுற்றிப் பார்ப்பதற்குத் தடையில்லை. பயணத்தின் முதன்மை நோக்கம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். பையர் அழைப்புக் கடிதம் 16ஆம் தேதியோடு முடிந்து, டிக்கெட்டும் காப்பீடும் 22 வரை இருந்தால், இடையிலுள்ள நாட்களை விளக்கும் கடிதமும் ஹோட்டல் முன்பதிவும் சேர்த்து வையுங்கள்.

நான்காம் படி: மருத்துவக் கவர், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

30,000 யூரோ என்பது விசா அதிகாரி கேட்கும் குறைந்தபட்சம். உங்களுக்கு எவ்வளவு போதும் என்பது வேறு கேள்வி. மாரடைப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருந்து, பிறகு டாக்டர் துணையோடு படுத்த நிலையில் விமானத்தில் ஊர் வர வேண்டும் என்றால் அந்தத் தொகை தாங்காமல் போகலாம். இந்திய நிறுவனங்கள் பொதுவாக 50,000 டாலர், 1 லட்சம், 2.5 லட்சம், 5 லட்சம் என்று படிப்படியாகக் கொடுக்கின்றன. நான் எங்கள் ஆட்களுக்கு 1 லட்சம் டாலருக்குக் கீழே எடுப்பதில்லை. ஐம்பது வயது தாண்டிய முதலாளிக்கு 2.5 லட்சம். பிரீமிய வித்தியாசத்தைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள்.

தொகை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே என்ன பூட்டு இருக்கிறது என்று பாருங்கள். சில பாலிசிகளில், குறிப்பாக வயதானவர்களுக்கானவற்றில், அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று உள்வரம்பு போட்டிருப்பார்கள். அட்டையில் 1 லட்சம் டாலர், உள்ளே அறுவை சிகிச்சைக்கு அதில் ஒரு சிறு பங்கு என்றால் அந்தப் பெரிய எண்ணால் பயனில்லை. உள்வரம்பு இல்லாததையே தேடுங்கள்.

அடுத்தது டிடக்டபிள். ஒவ்வொரு கிளைமிலும் முதலில் நம் கையிலிருந்து போகும் பணம் அது. 100 டாலர் டிடக்டபிள் உள்ள பாலிசியோடு ஃபிராங்க்ஃபர்ட்டில் தொண்டை வலிக்கு டாக்டரைப் பார்த்து 80 யூரோ கொடுத்தால் அநேகமாகச் சல்லிக்காசு திரும்பாது. சின்னச் செலவை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் டிடக்டபிள் இருப்பதில் தவறில்லை. அது இருப்பது தெரியாமல் போவதுதான் தவறு.

இனி சர்க்கரையும் பிரஷரும். நம் ஊரில் நாற்பதைத் தாண்டியவர்களில் மாத்திரை டப்பா இல்லாமல் விமானம் ஏறுபவர் குறைவு. விண்ணப்பத்தில் "ஏற்கெனவே நோய் உண்டா" என்ற கேள்விக்கு ஏஜென்ட் அவசரத்தில் "இல்லை" என்று டிக் போட்டுவிடுவார். விட்டுவிடாதீர்கள். அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் டாக்டர் கேட்பார், நீங்கள் "பத்து வருஷமாகச் சர்க்கரை" என்று உண்மையைச் சொல்வீர்கள், அது மருத்துவக் குறிப்பில் ஏறும். அந்தக் குறிப்பைத்தான் காப்பீட்டு நிறுவனம் முதலில் வாங்கிப் படிக்கும். சொல்லிவிட்டு வாங்கினால் பல பாலிசிகளில் உயிருக்கு ஆபத்தான நிலை வரும்போது மட்டுமாவது, பழைய நோய்க்கும் ஒரு வரம்பு வரை கவர் உண்டு. அந்த வரம்பு எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு, பிரிக்காத அட்டையாகக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சாம்பிள் பெட்டியும் லேப்டாப்பும்

எக்ஸ்போர்ட் ஆட்கள் ஏமாறும் இடம் இது. ஒரு சாம்பிள் பெட்டியைத் திறந்து பாருங்கள். மடித்து அடுக்கிய டேபிள் ரன்னர், ஓவன் மிட் (அடுப்புக் கையுறை), ஏப்ரன், ஒவ்வொன்றிலும் நூல் கட்டித் தொங்கவிட்ட அட்டையில் டிசைன் நம்பர், நூல் எண், விலை. ஆறு மாத உழைப்பு அந்த 23 கிலோவுக்குள் இருக்கிறது. அது தொலைந்தால் "செக்-இன் பேக்கேஜ் இழப்பு" என்ற தலைப்பில் பணம் கிடைக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாலிசி வாசகத்தில் விலக்குப் பட்டியலைப் படித்தால், வியாபாரச் சரக்கும் சாம்பிளும் அதில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தப் பிரிவு உங்கள் சட்டை, ஸ்வெட்டர், பூட்ஸுக்கானது.

லேப்டாப், கேமரா, மொபைல் எல்லாமும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான். சேர்த்திருந்தாலும் ஒரு பொருளுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பு இருக்கும். கம்பெனி லேப்டாப் உங்கள் சொத்தும் அல்ல. ஊர் சுற்றும் நாளில் லூசெர்ன் ரயிலில் அது திருடு போனால் யார் தலையில் விழும் என்று கிளம்புவதற்கு முன்பே முதலாளியிடம் பேசிவிடுங்கள்.

இதற்கு வழி பயணப் பாலிசிக்கு வெளியே இருக்கிறது. ஏற்றுமதி நிறுவனத்தில், அனுப்பும் சரக்குகளுக்கெல்லாம் சேர்த்து எடுக்கும் மரைன் ஓப்பன் பாலிசி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். கண்காட்சிக்குப் போகும் சாம்பிளையும் அதில் சேர்த்து எழுத முடியுமா என்று உங்கள் புரோக்கரிடம் கேளுங்கள். லேப்டாப்புக்கு, எடுத்துச் செல்லும் மின்னணுப் பொருளுக்கான காப்பீட்டில் வெளிநாட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். விலை மதிப்புள்ள சாம்பிளைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதானால் ஏடிஏ கார்னே எடுக்கலாம். அது சுங்கத்துக்கான ஆவணம், இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகத் தொழில் கூட்டமைப்பு கொடுக்கிறது. காப்பீடு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "கார்னே இருக்கு, பயமில்லை" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாம்பிளை இரண்டு பேர் பெட்டியில் பாதிப் பாதியாகப் பிரித்து வையுங்கள். ஒரு வருடம் என்னுடைய ஒரு பெட்டி நடுவில் விமானம் மாறும் இடத்திலேயே தங்கிவிட்டது. கண்காட்சியின் இரண்டாம் நாள் மாலைதான் வந்தது. பாதி சுவர் காலியாக நின்ற அந்த ஸ்டாலில் நான் பேசிய பேச்சை இன்றும் மறக்கவில்லை.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே லக்கேஜ் கவுன்டரில் பிஐஆர் என்ற புகார் படிவத்தை எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் காப்பீட்டு நிறுவனமும் பேசாது, விமான நிறுவனமும் பேசாது. விமான நிறுவனத்தின் பொறுப்பு 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வரும். 2024 டிசம்பர் 28 முதல் பெட்டிக்கான உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது 2,000 டாலரை ஒட்டிய தொகை. அதுவும் நஷ்டத்தைக் காட்டினால்தான். பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமான பெட்டிக்காக அவசரத்துக்கு வாங்கிய உள்ளாடை, ஜாக்கெட் பில்களைப் பாலிசி கொடுக்கும். ஆனால் இத்தனை மணி நேரம் கழிந்த பிறகு என்று ஒரு கணக்கு இருக்கும்.

ஆறாம் படி: ரத்து, தாமதம், வேலைநிறுத்தம்

பயண ரத்துக் கவர் என்ற பெயரைப் பார்த்து எதற்கும் பணம் வரும் என்று எண்ணாதீர்கள். பயணி அல்லது நெருங்கிய குடும்பத்தார் இறப்பு, ஆஸ்பத்திரி அனுமதி போன்ற எழுதப்பட்ட காரணங்களுக்கு மட்டும்தான். பையர் மீட்டிங்கை ரத்து செய்தார், ஆர்டர் கைவிட்டுப் போனது, முதலாளி வேறு ஆளை அனுப்பிவிட்டார் என்பதெல்லாம் சாதாரணப் பாலிசியில் காரணம் ஆகாது. மீட்டிங் ரத்தானதால் சுவிஸ் ஹோட்டல் பணமும் போனால் அதுவும் நம் கணக்குதான். ஆகவே சொந்த நாட்களுக்கான ஹோட்டலைக் கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடியதாகப் போடுங்கள். இது காப்பீட்டை விட உறுதியான வழி.

ஜெர்மனியில் வேலைநிறுத்தம் கற்பனைக் கதையல்ல. 2024 ஜனவரி 10 முதல் 12 வரை ரயில் ஓட்டுநர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அந்த வருட ஹைம்டெக்ஸ்டில் 9 முதல் 12 வரை. கண்காட்சி முடிந்து ரயிலில் கிளம்பத் திட்டமிட்டவர்கள் தவித்துப்போனார்கள். தாமதக் கவரில் ரயிலும் சேருமா, விமானம் மட்டுமா, எத்தனை மணி நேரத்துக்கு மேல் என்று பாருங்கள். வேலைநிறுத்தம் முன்பே அறிவிக்கப்பட்ட பிறகு வாங்கிய பாலிசி அதற்குச் செல்லாது என்பது பொதுவான நிபந்தனை. ஃபிராங்க்ஃபர்ட் போல ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் விமானம் ரத்தானாலோ வெகுநேரம் தாமதமானாலோ, காரணத்தையும் தூரத்தையும் பொறுத்து 600 யூரோ வரை விமான நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று ஒன்றியத்தின் 261 எண் விதி சொல்கிறது. அதையும் கேளுங்கள். காப்பீடு இருக்கிறதே என்று அதை விட்டுவிட வேண்டியதில்லை.

ஏழாம் படி: பனியில் என்ன செய்யப்போகிறீர்கள்?

சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயிலில் போய்ப் பனியைப் பார்த்துவிட்டு வருவது சாதாரணச் சுற்றுலா, பாலிசிகள் பொதுவாக ஏற்கும். இதயக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். சறுக்குவண்டி, ஸ்கீயிங், இன்டர்லாகனில் பாராகிளைடிங் என்று இறங்கினால் கதை வேறு. சாகச விளையாட்டு பெரும்பாலும் விலக்கு, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். எது சாகசம் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். குடித்திருக்கும்போது நடந்த விபத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். கண்காட்சி முடிந்த இரவு பையரோடு விருந்துக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

தனிநபர் பொறுப்புக் கவர் ஒன்று பாலிசியில் இருக்கும். நீங்கள் தெரியாமல் ஒருவருக்குச் சேதம் செய்தால் கொடுப்பதற்கு. அது ஹோட்டலிலும் தெருவிலும் செல்லும். ஸ்டாலில் உங்கள் டிஸ்பிளே ஸ்டாண்ட் சாய்ந்து பார்வையாளர் காலில் விழுந்தால் அது தொழில் சார்ந்த பொறுப்பு, இதில் வராது. கண்காட்சி அமைப்பாளரிடம் ஸ்டால்காரர்களுக்கான காப்பீட்டைத் தனியாகக் கேளுங்கள்.

எட்டாம் படி: ஒருமுறையா, வருடம் முழுவதுமா?

வருடத்துக்கு மூன்று நான்கு தடவை போகிறவருக்கு ஆண்டுப் பாலிசி மலிவு. ஆனால் அதில் ஒரு பயணத்துக்கு 30 அல்லது 45 அல்லது 60 நாள் என்று உச்சவரம்பு உண்டு. வர்த்தகப் பயணத்துக்கு மட்டும் என்று விற்கப்படும் ஆண்டுப் பாலிசியும் உண்டு. அதை வாங்கும்போது "சுற்றுலா நாட்களும் சேருமா" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். குடும்பம் கண்காட்சி முடிந்த பிறகு தனியாக வந்து சேர்கிறது என்றால், அவர்கள் தேதிக்கு அவர்கள் பெயரில் தனிப் பாலிசி. விசாவும் சுற்றுலா விசாதான்.

ஒன்பதாம் படி: வாங்குவது

விளம்பரத் தாளை ஒதுக்கிவிட்டு "பாலிசி வாசகம்" என்ற பெரிய பிடிஎஃபை இறக்கிக்கொள்ளுங்கள். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் விலக்குகள், விளக்கங்கள் ஆகிய இரண்டு பகுதியை மட்டுமாவது படியுங்கள். "வியாபாரம்", "சாம்பிள்", "முன்பே இருந்த நோய்", "உடலுழைப்பு" இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பாருங்கள். பையர் தொழிற்சாலையில் இயந்திரத்தைத் தொட்டு வேலை செய்யப்போகிறவர்களுக்குக் கடைசிச் சொல் முக்கியம். உடலுழைப்பு வேலையில் நேரும் காயத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

பயண நோக்கம் என்ற கட்டத்தில் "வர்த்தகமும் சுற்றுலாவும்" என்று இல்லாவிட்டால், எதைத் தேர்ந்தெடுப்பது என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, அந்தப் பதிலைச் சேமித்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, நாமினி. விசா கிடைக்காவிட்டால், பாலிசி தொடங்கும் தேதிக்கு முன் ரத்து செய்து சிறு கழிவோடு பணம் திரும்பப் பெறப் பெரும்பாலான நிறுவனங்களில் வழியுண்டு. அதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

பத்தாம் படி: அங்கே ஏதாவது நடந்துவிட்டால்

உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 112. ஐரோப்பா முழுவதும் அதே எண். சுவிஸ் மலைகளில் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. ஜெர்மனியில் ராத்திரி நேரத்தில் அவசரம் இல்லாத டாக்டருக்கு 116117. அதற்குப் பிறகு உடனே பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ஆஸ்பத்திரியில் சேரும் முன், முடியாவிட்டால் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள். நேரடியாக ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும் ஏற்பாட்டை அவர்கள்தான் செய்ய வேண்டும். யாரிடம் பேசினீர்கள், என்ன நேரம், கேஸ் எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநோயாளியாகப் போனால் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகுதான் வாங்க வேண்டும். ஜெர்மனியில் இரண்டு தாள் கேளுங்கள்: பில்லுக்கு "ரெஹ்னுங்", டாக்டர் குறிப்புக்கு "ஆர்ட்ஸ்பிரீஃப்". பணம் கட்டிய ரசீதும் சேர்த்து மூன்றாகக் கையில் இருந்தால் ஊரில் பாதி அலைச்சல் மிச்சம். பாஸ்போர்ட்டோ பையோ திருடு போனால் போலீஸ் புகார் நகலில்லாமல் கிளைம் நகராது. பாஸ்போர்ட்டுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

போர்டிங் பாஸை ஊர் வந்ததும் எறிந்துவிடாதீர்கள். பயணத் தேதிக்கு அதுதான் சாட்சி.

கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் எழுதி ஒரு மாதம் பொறுங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அவருடைய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். குரூப் பாலிசியில் இருக்கும் ஊழியரும் போகலாம்.

எங்கள் தம்பி விஷயத்தில் நாங்கள் அங்கே போகவில்லை. தேதி முடிந்துபோன பாலிசிக்கு எந்தக் கதவைத் தட்டியும் பலனில்லை. அவன் செலவை ஆபீஸ் கொடுத்தது. அதற்கு அடுத்த ஜனவரியிலிருந்து எங்கள் ஆபீஸ் பயணப் படிவத்தில் "ஃபிராங்க்ஃபர்ட் புறப்படும் தேதி, கண்காட்சி முடியும் தேதி" என்றிருந்த இரண்டு கட்டங்களை அடித்துவிட்டு, "வீட்டிலிருந்து கிளம்பும் தேதி, வீட்டுக்கு வந்து சேரும் தேதி" என்று மாற்றி வைத்திருக்கிறேன்.